மோதிரம் தேடிய படமும் ஒல்லாந்தர் மரியாதையும்

நகை என்பது எளிய பொருள் அன்று. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்களையும் நான்காகப் பகுத்தார். பிறரை எள்ளுவதால் ஒரு நகை பிறக்கும். இளம்பிள்ளைகளின் செயலால் ஒரு நகை பிறக்கும். ஒன்றும் அறியாத பேதைமையால் ஒன்று பிறக்கும். கொண்டதை விடாத மடமையால் மற்றொன்று பிறக்கும். இந்நான்கில் ஒன்றேனும் உயிரோடிருந்தாலன்றி ஒரு படத்திற்கு நகைச்சுவைப் படம் என்னும் பெயர் பொருந்தாது. பாட்டுக்கு நடுவே நாயகி கண்ணைச் சிமிட்டுவதும், நாயகன் தலையிலடித்துக் கொள்வதும் நகைச்சுவை ஆகிவிடா.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இந்திப் படத்தை ஆராய்வது நம் நோக்கம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் வெளிவந்த 'ஜப் ஹாரி மெட் செஜல்' என்பது அப்படத்தின் பெயர். ஹாரி செஜலைச் சந்தித்தபோது என்பது பொருள். இம்தியாஸ் அலி இயக்கியது. ஷாருக் கானும் அனுஷ்கா சர்மாவும் நடித்தது. பிரீதம் இசை அமைத்தது. வெளிவந்த நாளிலேயே பலரை ஏமாற்றிய படம் அது. பல ஆண்டு கடந்தபின் அதை ஏன் தூசு தட்டி எடுக்கிறீர் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. அப்படம் தொடங்கும் நாட்டிலேயே, ஒரு மழைநாள் மாலையில், அதைக் காணும் வாய்ப்பு நமக்குச் சென்ற ஆண்டு கிட்டியது. சாளரத்திற்கு வெளியே ஒரு நாடும் திரைக்குள்ளே வேறொரு நாடுமாக நாம் இரண்டைக் கண்டோம். அவ்விரண்டிற்கும் இடையிலிருந்த தூரமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இந்தி நமக்குத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கில வசன வரிகளைக் கொண்டே படத்தைப் பின்தொடர்ந்தோம். ஆகவே வசனத்தின் இனிமையைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. கதையும் அது நடக்கும் இடமும் எந்த மொழியினர்க்கும் விளங்குவன அல்லவா? அவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கதை இதுதான். ஹாரி என்கிற ஹரிந்தர் சிங், பஞ்சாபிலிருந்து ஐரோப்பா சென்று, இந்தியச் சுற்றுலாக் கூட்டங்களுக்கு வழிகாட்டியாய் வாழ்கிறவன். செஜல் குஜராத்தி வீட்டுப் பெண், சட்டம் படித்தவள். குடும்பத்தோடு வந்த சுற்றுலாவில் தன் நிச்சயதார்த்த மோதிரத்தைத் தொலைத்துவிடுகிறாள். மணமகனாக இருப்பவனுக்குக் கோபம். மோதிரம் இன்றித் திரும்புவதில்லை என்று அவள் மட்டும் ஆம்ஸ்டர்டாமில் தங்கி, வழிகாட்டியை விடாது பற்றிக்கொள்கிறாள். அங்கிருந்து பிராக், புடாபெஸ்ட், லிஸ்பன் என்று ஊர் ஊராய் மோதிர வேட்டை. இடையில் காதல். முடிவில் மோதிரம் அவள் பைக்குள்ளேயே இருந்தது தெரிகிறது. பிறகு பிரிவு, பிறகு கூடல்.

தொடக்கம் பழுதில்லை, நன்றாகவே இருக்கிறது. பிறர் விடுமுறையைத் தன் பிழைப்பாக உடைய ஒருவன், கூட்டத்தின் முன் சிரித்து, கூட்டம் விமானம் ஏறியதும் முகம் வாடி நிற்கும் அலுப்பை ஷாருக் கான் உணர்த்துகிறார். ஐம்பதைக் கடந்த அந்நடிகரின் முகத்திலே அந்தக் களைப்பு பொருந்தி அமைகிறது. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அந்தச் சிரிப்பு நன்கு தெரிந்த சிரிப்பு. துரையின் வண்டி வாசலில் நிற்கும்போது வருவதும், வண்டி போனதும் போவதுமாகிய சிரிப்பு அது. சம்பளத்திற்குச் சிரிக்கும் ஒருவன், சம்பளம் இன்றிச் சிரிக்கக் கற்றுக்கொள்வது எப்படி? இதுதான் இக்கதையின் கருவாகும் என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் அந்த நம்பிக்கை நம்மைக் கைவிட்டது.

படத்தின் முதற் குற்றம், மோதிரத்தில் ஆசிரியருக்கே நம்பிக்கை இல்லாமை. தேடுகிறவர்க்குத் தேடும் பொருளின்மேல் தீராத பற்று இருந்தால், அப்பற்றே மடமையாகி நகையைப் பிறப்பிக்கும். செஜலுக்கோ மோதிரம் வெறுஞ்சாக்கு. அவளுக்கே அக்கறை இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு நாம் ஏன் நான்கு நாடு அலைய வேண்டும்? பைக்குள் அது கிடைக்கும்போது நமக்கு வியப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை.

இரண்டாவது குற்றம், நல்லதொரு நகைப்பொருளைக் கையிலெடுத்துக் கீழே போட்டது. நான் பெண்கள் விஷயத்தில் யோக்கியன் அல்லன் என்று வழிகாட்டி சொல்ல, சட்டம் படித்த செஜல் அவனுக்குப் பொறுப்பு விலக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள். உறவையும் ஒப்பந்தம் எழுதி அளக்கப் பார்க்கும் இந்தப் பேதைமை உண்மையிலேயே சிரிப்புக்கு உரியது. அந்தப் பத்திரம் கதை முழுதும் இருவரையும் இடறி விழச் செய்திருக்க வேண்டும். வெளியீட்டிற்கு முன்பு இக்காட்சியிலுள்ள ஒரு சொல்லைப் பற்றித் தணிக்கைக் குழுவினர் கிளப்பிய சச்சரவு பெரிது. படத்திற்குள் அப்பத்திரத்தால் விளைந்த சிரிப்போ சிறிது.

மூன்றாவது குற்றம் நம்மைச் சுட்டது. லிஸ்பனில் ஒரு வங்காளதேசத்தவர் வருகிறார். உரிய தாள் இன்றிக் குடியேறியவர். கள்ள நகை வாணிகம் செய்கிறவர். அவருடைய பேச்சும் பயமும் வேடிக்கையாக்கப்படுகின்றன. அந்நடிகரின் திறமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும், நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களில் இன்று யார் வாழ்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டனர். செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். தாள் போலீசுக்குச் சரியாக இருக்குமா என்று அவர்கள் நடுங்குவதை நாம் மாதந்தோறும் காண்கிறோம். அந்நடுக்கத்தை வைத்து நகைக்கலாகாது என்பதன்று நம் வாதம். நடுங்குகிறவனே நகைத்தால் அது கலை. நடுங்காதவன் அவனைக் காட்டி நகைத்தால் அது வெறும் எள்ளல். எள்ளலும் நகையின் ஒரு பிறப்பிடமே; ஆனால் வலியாரை எள்ளுவதற்கும் எளியாரை எள்ளுவதற்கும் வேற்றுமை உண்டு.

நான்காவது குற்றமே தலையாயது. ஆம்ஸ்டர்டாமில் தொடங்கும் படத்தில் நினைவில் நிற்கும்படி ஒரு டச்சுக்காரர்கூட இல்லை! கால்வாய் இருக்கிறது, பாலம் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, மக்கள் இல்லை. ஓர் ஊரின் மனிதரை நீக்கிவிட்டு ஊரைப் படம் பிடிப்பது, கல்யாண வீட்டில் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு ஒப்பாகும். நகைச்சுவைக்குத் தாயகம் மரியாதை. ஒருவர் மரியாதை மற்றொருவர்க்கு அவமரியாதையாகத் தோன்றும் இடத்தில்தான் சிரிப்பு ஊற்றெடுக்கும். அந்த ஊற்றின்மேல் நின்றுகொண்டே படம் தாகத்தால் செத்தது என்பது நம் துணிபு.

அவ்வூற்று எத்தகையது என்பதை நாம் கண்டபடி கூறுகிறோம்.

நம் தங்கை, கணவர் வேலையின் பொருட்டு, ஒல்லாந்து நாட்டின் ஐன்ட்ஹோவன் நகரில் வாழ்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அன்னையாரை அழைத்துக்கொண்டு நாம் ஐந்து வாரம் அங்கே தங்கினோம். நமக்கு ஒல்லாந்தர் முற்றும் அயலார் அல்லர். 1641இல் போர்த்துக்கீசரிடமிருந்து மலாக்காவைப் பிடித்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். மலாக்காவின் செந்நிற ஸ்டாட்ஹைஸ் கட்டடத்தை நம்மில் பார்க்காதவர் யார்? 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தவர்களும் அவர்களே. இன்றும் நம் செம்பனை எண்ணெயில் ஒரு பங்கு ரொட்டர்டாம் துறைமுகத்தில்தான் இறங்குகிறது. பல ஆண்டுகளாக நாம் தாளில் எழுதி அனுப்பும் டன் கணக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கும் ஆவலும் நமக்கு இருந்தது. அவர்கள் பேச்சிலே 'பீசாங்' என்றும் 'சாத்தே' என்றும் மலாய்ச் சொற்கள் தலைகாட்டியபோது, அந்நிய நாட்டில் பழைய அண்டை வீட்டாரைக் கண்டதுபோல் இருந்தது.

முதலில் வியப்பளித்தது அறிமுகம். ஓர் அறைக்குள் நுழைகிறவர் அங்குள்ள ஒவ்வொருவரிடமும் சென்று கையை நீட்டித் தம் பெயரைத் தாமே சொல்கிறார். உத்தியோகம் சொல்வதில்லை, யாருடைய மகன் என்று சொல்வதில்லை. மைத்துனரின் மேலதிகாரி குழந்தையைக் காண வந்தார்; மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்தார்; பெயரைச் சொல்லி நின்றார். நம் வாயிலிருந்து 'சார்' என்னும் சொல் தானாக வந்தது. அவர் பின்னால் திரும்பி, வேறு யாராவது நிற்கிறாரா என்று பார்த்தார்! மைத்துனர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை. இரவு படுத்த பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னே வெட்கமும் வந்தது.

இரண்டாவது, காலம். அந்நாட்டில் நண்பரைக் காணவும் நாள் குறிக்க வேண்டும். போகிற வழியில் எட்டிப் பார்த்தேன் என்பது அங்கே அன்பின் அடையாளம் ஆகாது. அழையாத விருந்தாளி என்பதற்கே அடையாளம் ஆகும். வீட்டுக் கழிப்பறைச் சுவரில் உற்றார் உறவினரின் பிறந்த நாட்களைக் குறித்த நாட்காட்டி தொங்குகிறது. மறவாதிருக்க அதைவிடச் சிறந்த இடம் எது? பிறந்த நாள் விருந்திலே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, பிறந்தவரை மட்டுமன்றி, அவர் தாயை, கணவரை, தம்பியைக் கூட வாழ்த்துகின்றனர். ஒருவர் பிறந்தது எல்லாருக்கும் இலாபம் என்னும் இவ்வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது, பிஸ்கட்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு முதிய மாது நம் அன்னையாரைக் காப்பிக்கு அழைத்தார். குறித்த நாளில், குறித்த மணிக்குச் சென்றோம். காப்பி வந்தது. தகர டப்பா திறந்தது. அம்மாது பிஸ்கட்டு எடுத்துக்கொள்ளும்படி நீட்டினார். நம் அன்னையார் நம்மூர் முறைப்படி, "வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார். நாம் அதை மொழிபெயர்த்தோம். டப்பா மூடிக்கொண்டது! அன்னையார் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். நம் நாட்டில் முதல் 'வேண்டாம்' மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்' அடக்கம். மூன்றாம் முறை நீட்டும்போது எடுத்துக்கொள்வதே ஒழுங்கு. அங்கேயோ வேண்டாம் என்றால் வேண்டாம். ஒருவர் சொல்லை அவ்வண்ணமே நம்புவதுதான் அவர்களுடைய மரியாதை.

சில நாள் கழித்துக் கதை திரும்பியது. அந்நாட்டில் பிள்ளை பெற்றவள் வீட்டிற்கு, எட்டு நாள் அளவும் தாதி ஒருத்தி வந்து தாயையும் சேயையும் கவனித்து, தந்தைக்கும் வேலை பழக்குகிறாள். நம் தங்கை வீட்டிற்கு வந்தவளுக்கு அன்னையார் தோசை வார்த்துக் கொடுத்தார். ஒன்று தின்றாள்; நன்றாயிருக்கிறது என்றாள்; இரண்டாவதை வேண்டாம் என்றாள். அன்னையார் விடுவாரா? தட்டில் போட்டுவிட்டார். அவள் தட்டை நகர்த்தி வைத்து, "நான் வேண்டாம் என்று சொன்னேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அன்னையார் அடுக்களைக்குள் போய், "ஒரு தோசையை வேண்டாம்ங்கறதுக்கு இவ்வளவு வீறாப்பா?" என்றார்.

அதற்கு மறுநாள் பெரும்போர். ஊரிலிருந்து அன்னையார் கட்டிக் கொண்டுவந்த பிரசவ மருந்து உருண்டையைத் தாதி பார்த்தாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பாட்டி காலத்து மருந்து என்றோம். "இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பால் கொடுக்கும் தாய்க்கு, மருத்துவச்சியைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்" என்று நேரே சொன்னாள். பிறகு, தலைவாசலில் துண்டோடு நின்ற மைத்துனரை அழைத்து, குழந்தையை நீங்கள் குளிப்பாட்டுங்கள் என்றாள். ஆண்பிள்ளை குழந்தையைக் குளிப்பாட்டுவதா என்று அன்னையார் பதறினார். மைத்துனர் குளிப்பாட்டினார், குழந்தை அழவில்லை, மைத்துனர் அழுதார். எட்டாம் நாள் அத்தாதி விடைபெற்றபோது, அன்னையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ பேச்சு கத்தி, கை பஞ்சு" என்றார். அதையும் மொழிபெயர்த்தோம். தாதி யோசித்துவிட்டு, இரண்டும் உண்மை என்றாள்.

நேயர்களே, எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் இந்த எட்டு நாளில் இல்லாமற் போயினவா? ஒரு வழிகாட்டியையும் ஒரு குஜராத்திப் பெண்ணையும் இத்தகைய மக்கள் நடுவே நிறுத்தினால் போதும். மோதிரம் தொலைய வேண்டியதே இல்லை. வேண்டாம் என்பதை வேண்டும் என்று படிக்கும் காதல் நாயகன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்னும் நாட்டிலே என்ன பாடுபடுவான்! இந்திப்படக் காதல் முழுதும், பெண்ணின் மறுப்பைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கத்தின்மேல் அன்றோ நெடுங்காலம் நின்றது? அவ்வழக்கத்தைச் சிரித்தே கவிழ்க்கும் வாய்ப்பு இம்தியாஸ் அலியின் காலடியில் கிடந்தது. அவர் கால்வாயைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இவ்வெளிப்படைப் பேச்சு எங்கிருந்து வந்தது? அந்நாட்டின் நிலத்தில் நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே இருக்கிறது. 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கடல் உடைத்துக்கொண்டு வந்தபோது 1836 பேர் மாண்டனர். கரையில் ஓட்டை இருந்தால் அதைக் கண்டவன் உடனே சொல்ல வேண்டும். கரைக்கு உரியவன் பெரியவன், அவன் மனம் புண்படும் என்று வாளாவிருந்தால் ஊரே மூழ்கும். நீரைக் காக்கும் சபைகள் அங்கே எழுநூறு ஆண்டுக்கு முன்பே தோன்றிவிட்டன. இதுவே அவர்கள் பேச்சிற்குக் காரணம் என்று அந்நாட்டார் சிலர் கூறுகின்றனர். முழுக் காரணம் அதுவேயோ அன்றோ, அவ்வுவமை மட்டும் நம் உள்ளத்தில் தைத்து நின்றது. எப்படியெனில், நாமும் ஓர் ஓட்டையைக் கண்டும் சொல்லாதிருந்தவர்.

அதை மறைப்பதில் பயனில்லை. புறப்படுவதற்கு முன்பு இரண்டு மாதமாக, குலை வெட்டும் அந்நிய நாட்டுத் தொழிலாளர் சிலர் சம்பளத்தில், அரிவாள் விலை என்று ஒரு தொகை பிடிக்கப்பட்டு வந்தது. சம்பளச் சீட்டில் அதற்கு வரி இல்லை. கணக்கு எழுதியது நம் கை. மானேஜர் எல்லாம் சரிதானே என்று கேட்டபோது, சரி சார் என்றது நம் வாய். தொழிலாளருள் ஒருவர் நம்மிடம் வந்து, உடைந்த தமிழில், "அண்ணே, காசு குறையுது" என்றார். பார்க்கலாம் என்றோம். நம் மொழியில் 'பார்க்கலாம்' என்பதற்குப் பார்க்கமாட்டோம் என்பது பொருள் என்று அவருக்குத் தெரியும். அவர் போய்விட்டார். அதை மரியாதை என்று நாம் எண்ணியிருந்தோம். மேலோரிடம் பணிவு, கீழோரிடம் இன்சொல். இரண்டும் சேர்ந்து ஒரு பொய்.

ஊர் திரும்பிய முதல் வாரத்தில், அத்தொகை சீட்டில் இல்லை, பிடித்தது முறையன்று என்று மானேஜரிடம் சொன்னோம். குரல் நடுங்கியது. அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த மாதம் முதல் பிடித்தம் நின்றது. முன்னே பிடித்ததோ இன்னும் திரும்பவில்லை. நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இதை வீரம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சொன்னது எப்படி வீரம் ஆகும்?

இதனால் ஒல்லாந்தரை வானத்தில் ஏற்றி வைக்க நாம் முற்படவில்லை. வெள்ளையர் செய்வதெல்லாம் நாகரிகம் என்று ஆங்கிலம் கற்ற நம்மனோர் மயங்கிய மயக்கம் போதும். வெளிப்படைப் பேச்சு சில வேளை முரட்டுத்தனத்திற்குப் போர்வையாகிறது. மைத்துனரின் உச்சரிப்பைச் சபை நடுவே திருத்திய ஒருவர், நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று அமைதியாகச் சென்றாராம். உண்மைக்கும் நேரம் காலம் உண்டு என்பதை நம்மவரிடம் அவர்கள் கற்கலாம்.

அன்றியும், பிறர் பிழையை உடனே சொல்லும் நாக்கு, தன் பிழையைச் சொல்ல எத்தனை காலம் எடுத்தது! ஹேக் நகரில் பால் குரூகர் வீதிக்குச் சென்றிருந்தோம். அங்கே சேலைக் கடையும் ரொட்டிக் கடையும் நடத்துகிற இந்துஸ்தானியர் இந்தியாவிலிருந்து நேரே வந்தவர் அல்லர். தென் அமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆண்ட சூரினாமில் அடிமை முறை 1863இல் ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களைப் பின்னும் பத்தாண்டு கட்டாய வேலையில் வைத்தனர். அது முடிந்த 1873இல், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, கல்கத்தாவிலிருந்து 'லாலா ரூக்' என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினர். அக்கப்பல் ஜூன் 5ஆம் நாள் கரை சேர்ந்தது. 1916 வரை அவ்வாறு சென்றவர் ஏறத்தாழ 34,000 பேர். 1975இல் சூரினாம் விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி அவர்கள் மக்களிற் பலர் ஒல்லாந்துக்குக் குடிபெயர்ந்தனர். அடிமை வாணிகத்திற்காக அந்நாட்டுப் பிரதம மந்திரி மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பர் 19இல். அரசர் கேட்டது 2023 ஜூலை முதல் நாளில். கரையின் ஓட்டையை உடனே சொல்லும் மக்கள், இந்த ஓட்டையைச் சொல்ல ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தனர். ஆயினும் சொன்னார்கள் என்பதையும் நாம் எழுதத்தான் வேண்டும்.

அவ்வீதியில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் காராமணிக்காயும் வாங்கி உண்டோம். கடையிலிருந்த முதியவள் நம் முகத்தைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டாள். மலேசியா, தோட்டம் என்றோம். "நீங்களும் கப்பல்காரரோ?" என்றாள். ஆம் என்றோம். காசு கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். அவளும் ஒல்லாந்துக்காரி அல்லவா? ஆனால் ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றி, கேளாமலே அன்னையாரின் பைக்குள் வைத்தாள். வேண்டாம் என்று அன்னையார் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அவள் காதில் விழவில்லை. ஒல்லாந்து வந்தபின் முதன்முறையாக அன்னையார் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

இந்தி பேசும் வழிகாட்டி ஒருவனை ஆம்ஸ்டர்டாமில் நிறுத்திய படம், ஒரு மணி நேர இரயில் தூரத்தில், இந்திக்கு நெருங்கிய மொழியை ஐந்து தலைமுறையாகக் காத்து நிற்கும் இம்மக்களை அறியவே இல்லை. பஞ்சாப் வயலை எண்ணி ஏங்கும் ஹாரியின் துயரை நாம் இகழவில்லை. திரும்பிப் போக ஊர் உள்ளவனின் ஏக்கம் அது. திரும்பிப் போக ஊரின்றி, நின்ற இடத்தையே ஊராக்கிக்கொண்டவர்களின் ஏக்கம் வேறு; அவர்கள் சிரிப்பும் வேறு. அதை நாம் அறிவோம். ஏனெனில் அது நம் சிரிப்பு.

படத்தின் நிறைகளையும் கூறிவிட வேண்டும். ஒளிப்பதிவு கண்ணுக்கு இனியது. பாடல்கள் கதையைவிட நன்றாக இருக்கின்றன. அனுஷ்கா சர்மா, தமக்குக் கொடுக்கப்பட்ட சிறுபிள்ளைத்தனத்தில் ஓரளவு உயிரைப் பெய்கிறார். நாயகன் முகத்துக் களைப்பைப் பற்றி முன்னரே சொன்னோம். இவ்வளவும் கையிலிருந்தும் படம் ஏன் சிரிக்க வைக்கவில்லை? மோதிரத்தைத் தேடுவோர் சுற்றியிருப்போரைப் பார்க்கவில்லை, அதனால்தான். தேடிய பொருள் அவர்கள் பைக்குள்ளேயே இருந்தது என்பது கதை. அதே பிழையைப் படம் எடுத்தவர்களும் செய்தார்கள் என்பது நம் மதிப்புரை.

படம் முடிந்ததும் தங்கை, "எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தோம். பக்கத்திலிருந்த மைத்துனர் நம்மைப் பார்த்தார். நன்றாக இல்லை என்றோம். "எனக்கும் பிடிக்கல மச்சான். நீங்க விரும்பிப் பார்க்கிறீங்கன்னு நினைச்சுத்தான் இவ்வளவு நேரம் நிறுத்தாம உட்கார்ந்திருந்தேன்" என்றார் அவர். தங்கையும் அதையே சொன்னாள். ஒருவர் மனம் கோணக்கூடாதென்று ஒருவர் காத்து, மூவருமாக அப்படத்தை இறுதிவரை பார்த்திருக்கிறோம்! அன்று மாலை நாம் வயிறு குலுங்கச் சிரித்தது அந்த ஓர் இடத்தில்தான்.